பால்வாடி டீச்சர் ஏன் போகிறார், ஏன் நிற்கிறார்?

(திருப்பதியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில், விசாரணைக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இரண்டு மாதங்களுக்கு முன் இதே கூடத்தில், கூட்டம் முடிந்து தேநீர் பருகிக்கொண்டிருந்த வேளையில், ஏகாம்பரகுப்பத்துப் பக்கத்திலிருந்து வந்திருந்த நெசவாளத் தோழர் ஒருவர் ஒரு கேள்வியைப் போட்டார். "எங்கள் தெருப் பால்வாடியில் முப்பது வருஷம் இருந்த டீச்சரம்மா ரிட்டையர் ஆகிவிட்டார். புதிதாக வந்த பெண் ஒன்றே கால் வருஷத்தில் போய்விட்டார். இப்போது ஆயாம்மாதான் கதவைத் திறக்கிறார், கூட்டுகிறார், சமைக்கிறார், பிள்ளைகளை உட்கார வைக்கிறார். அந்தப் பெண் ஏன் போனார்? இந்த அம்மா ஏன் போகவில்லை?" என்று கேட்டார்.

அங்கே நின்றவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னோம். பொறுப்பில்லாதவர் போனார், நல்ல மனசுள்ளவர் நிற்கிறார் என்று தீர்ப்பே எழுதிவிட்டோம். அப்படித் தீர்ப்பு எழுதியவர்களில் இன்று உங்கள் முன் பேசுகிற நாங்களும் அடக்கம். செயற்குழு எங்கள் மூவரையே விசாரித்து வரச் சொன்னது. மூவரும் ரயில்வேக்காரர்கள். இருவர் எழுத்தர்கள், ஒருவர் தண்டவாளப் பராமரிப்பில் இருப்பவர். ஓய்வு கிடைத்த ஞாயிறுகளில் ரேணிகுண்டாவில் வண்டியேறிப் புத்தூர், ஏகாம்பரகுப்பம் என்று ஒரு பக்கமும், சந்திரகிரி, பாகாலா வழியாகச் சித்தூர் என்று மறு பக்கமும் போய் வந்தோம். ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடி கிடையாது. ஆகவே டீச்சர்களையும் ஆயாக்களையும் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே சந்தித்தோம். வேலையை விட்டவர்களையும் தேடிப் பிடித்தோம். பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டுக்கொண்டார்கள். போடவில்லை.

தெலுங்கு நாட்டு அங்கன்வாடிக்கும் தமிழர் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். நம்மில் பாதிப் பேர் பிழைப்புக்காக ரயிலேறி வந்தவர்கள். மீதிப் பேர் எங்கும் போகாதவர்கள், எல்லைதான் நகர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, நகரியும் புத்தூரும் இந்தப் பக்கம் நின்றன. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானபோது புத்தூர் திருப்பதிக்கும் நகரி சித்தூருக்கும் என்று மறுபடி ஒரு கோடு விழுந்தது. எத்தனை கோடு விழுந்தாலும் அந்தத் தறித் தெருக்களில் மூன்று வயதுப் பிள்ளை வீட்டிலே பேசுவது தமிழ்தான். அந்தப் பிள்ளை முதன்முதலாக வீட்டுப் படியிறங்கிப் போகிற இடம் பால்வாடி. அங்கே இருந்த பழைய டீச்சரம்மா முட்டையைக் கையில் எடுத்து முதலில் 'முட்டை' என்பாராம், பிறகு 'குட்டு' என்பாராம். பசுவைக் காட்டி 'பசு' என்பார், பிறகு 'ஆவு' என்பார். (ஆவு என்பது நம்முடைய பழைய 'ஆ'தானே என்று எங்களில் ஒருவர் வியந்தார். அது வேறு கதை.) இப்படி ஓராண்டில் பிள்ளை அழாமல், பயப்படாமல் இரண்டாவது மொழிக்குள் நடந்து போய்விடும். இந்தத் திறமைக்கு எந்தப் பயிற்சி நிலையத்திலும் சான்றிதழ் கிடையாது. முப்பது வருஷம் ஒரே தெருவில் இருந்ததால் வந்த திறமை அது. அவர் போனால் அதுவும் கூடவே போகிறது. ஆகவே டீச்சர் நிற்பதும் போவதும் நம் பிள்ளைகளின் விஷயம்.

முதலில் யார் இந்த வேலைக்கு வருகிறார் என்று பார்ப்போம். ஆந்திரத்தில் அங்கன்வாடி டீச்சராக வேண்டுமானால் அந்த ஊரிலேயே வசிக்கும் திருமணமான பெண்ணாக இருக்க வேண்டும், பத்தாவது தேறியிருக்க வேண்டும், வயது 21 முதல் 35-க்குள் இருக்க வேண்டும். இந்த விதியைக் கேட்டதும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்களும் பத்தாவதுதான். அதே தேர்வு, அதே மதிப்பெண் பட்டியல். அந்தப் பட்டியலோடு ரயில்வேக்குள் நுழைந்தவர்களுக்கு, 2016 ஜனவரி முதலான ஏழாவது சம்பளக் குழு விகிதப்படி, கடைநிலையிலேயே அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். எழுத்தர் நிலையில் 19,900. அதன்மேல் பஞ்சப்படி, வீட்டு வாடகைப் படி, பாஸ், மருத்துவம். அதே பட்டியலோடு அங்கன்வாடிக்குப் போனவருக்கு ஆந்திரத்தில் 2019-இல் நிர்ணயித்த தொகை மாதம் 11,500. ஆயாவுக்கு 7,000. பஞ்சப்படி இல்லை. அதற்குச் சம்பளம் என்ற பெயர்கூட இல்லை. 'கௌரவ வேதனம்' என்று பெயர். தமிழில் நாம் மதிப்பூதியம் என்கிறோம். மதிப்பு நிறைய, ஊதியம் குறைவு.

இந்தப் பெயர் வந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1975 அக்டோபர் 2 அன்று, நெருக்கடி நிலைக் காலத்தில், 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்களுக்கு நலக்கல்வி, பள்ளிக்கு முந்தைய கல்வி என்று ஆறு பணிகள். இந்த ஆறையும் சுமக்கக் கிராமத்துப் பெண்ணைத் 'தொண்டர்' என்று அழைத்தார்கள். பத்தாவது தேறியிருந்தால் மாதம் 150 ரூபாய், தேறாதவருக்கு 100, உதவியாளருக்கு 35. தொண்டர் என்றதால் அவர் ஊழியர் அல்ல. ஊழியர் அல்ல என்பதால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இல்லை, வருங்கால வைப்பு நிதி இல்லை, ஓய்வூதியம் இல்லை. மத்திய அரசின் விகிதம் ஊர்ந்து ஊர்ந்து 2018 அக்டோபரில் டீச்சருக்கு 4,500 ஆயிற்று. அதற்கு மேல் உள்ளதை மாநிலங்கள் போட்டுத் தருகின்றன. 2013-இல் டில்லியில் கூடிய 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, இத்திட்ட ஊழியர்களைத் தொழிலாளர்களாக ஏற்று குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தோடு நின்றுவிட்டது.

இனி, போனவர்கள் சொன்னதைக் கேளுங்கள்.

நாங்கள் சந்தித்தவர்களில் ஒருவர்கூடப் பிள்ளைகள் தொல்லை தாங்காமல் போனேன் என்று சொல்லவில்லை. இதை அடிக்கோடிட்டுக் குறித்துக்கொண்டோம். சத்தியவேடு பக்கம் ஒருவர் சொன்னார்: "அண்ணா, பிள்ளைகள் எட்டு மணிக்கே வந்து வாசலில் நிற்கும். அதுகளைப் பார்த்தால் அலுப்பே தெரியாது. செல்போனைப் பார்த்தால்தான் அலுப்பு." 2021 மார்ச்சில் 'போஷண் டிராக்கர்' என்ற செயலி வந்தது. எந்தப் பிள்ளை வந்தது, எவ்வளவு எடை, எவ்வளவு உயரம், என்ன சாப்பிட்டது, எந்தக் கர்ப்பிணிக்கு என்ன கொடுத்தோம் என்று அத்தனையும் அதில் ஏற்ற வேண்டும். மாநிலத்துக்கென்று தனிச் செயலிகளும் உண்டு. அதே கணக்கைப் பதிவேட்டிலும் எழுத வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் மொட்டைமாடிக்கு ஏறிக் கையை உயர்த்திக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நேரம் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற நேரம். மகாராட்டிரத்தில் 2021-இல் ஆயிரக்கணக்கான அங்கன்வாடிப் பெண்கள் அரசு கொடுத்த செல்போன்களைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தது நினைவிருக்கலாம். செயலியை எதிர்த்த அறியாமை என்று அதை எழுதியவர்கள் உண்டு. அப்பெண்கள் பழுதான கருவியையும் தங்களுக்குப் புரியாத ஆங்கிலத்தையும்தான் எதிர்த்தார்கள்.

மற்றொருவர் கையிலிருந்து செலவழித்த கணக்கைக் காட்டினார். எரிவாயு, காய்கறி, கட்டிட வாடகை, பிராஜெக்ட் ஆபீஸ் கூட்டத்துக்குப் போய் வரப் பேருந்துக் கட்டணம். பில் பிற்பாடு வரும். பிற்பாடு என்றால் எப்போது என்று கேட்டதற்குச் சிரித்தார். மளிகைக் கடையில் அங்கன்வாடிப் பெயரில் கடன் கிடையாது, அவர் பெயரில்தான் கடன். 11,500 வாங்குகிறவர் அரசாங்கத்துக்குக் கைமாற்றுக் கொடுக்கிறார். எங்கள் பார்சல் ஆபீஸில் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால் எங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். ஆனால் ரயிலுக்கு டீசல் நாங்கள் வாங்கிப் போடுவதில்லை.

ஏகாம்பரகுப்பத்துத் தெருவை விட்டுப் போன அந்தப் பெண்ணையும் பார்த்தோம். கணவருக்கு விசைத்தறியில் வேலை குறைந்துவிட்டது. 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டியில் இப்போது செல்போன் முதல் பல பொருள்களைச் செய்கிற ஆலைகள் இருக்கின்றன. பேருந்து வீட்டருகே வந்து ஏற்றிக்கொள்கிறது. அங்கே போய்விட்டார். நின்றுகொண்டே வேலை, கால் வீங்குகிறது, இரவு முறை வேறு. "டீச்சரம்மா என்று கூப்பிட்டார்கள், இப்போது நம்பர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்" என்றார். அப்படியிருந்தும் ஏன் போனீர்கள் என்று கேட்டோம். "மாசம் பிறந்தால் ஏழாம் தேதி பணம் வருது அண்ணா" என்றார். தேதி என்ற ஒன்றுதான் அவரைக் கொண்டுபோயிற்று. அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்றும் அவரைப் பேருந்து நிற்கும் இடத்தில் கண்டால் ஓடி வந்து கையைப் பிடிக்கின்றனவாம். அதைச் சொல்லும்போது பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து மோருடன் வந்தார்.

தனியார் நர்சரிகளைப் பற்றி நீட்டப் போவதில்லை. திருப்பதியில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பத்து மாதச் சம்பளம், மே மாதம் காலி, கல்யாணமானால் வேலை போச்சு என்பதுதான் நாங்கள் கேட்ட கதைகளின் சாரம். அங்கே ஆள் மாறுவது வழக்கமாகவே ஆகிவிட்டது, யாரும் ஏன் என்று கேட்பதும் இல்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள நோயும் அல்ல. அமெரிக்காவில் மார்சி வைட்புக் என்ற அம்மையாரும் அவருடைய தோழியரும் ஐந்து நகரங்களின் குழந்தைக் காப்பகங்களை ஆராய்ந்து 1989-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஓராண்டுக்குள் நூற்றுக்கு 41 பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். பயிற்சி, மேற்பார்வை, அனுபவம் என்று பலவற்றையும் அளந்து பார்த்ததில், யார் போவார் யார் நிற்பார் என்பதை எல்லாவற்றையும்விட அதிகமாக முடிவு செய்தது சம்பளம்தான். ஆசிரியர் அடிக்கடி மாறுகிற இடத்தில் பிள்ளைகளின் பேச்சு வளர்ச்சி பின்தங்குவதையும் அவர்கள் கண்டார்கள். ஏகாம்பரகுப்பத்து நெசவாளத் தோழர் தம் பேத்தியைப் பற்றிச் சொன்னதும் அதுவே: "நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது, இப்போது பால்வாடியில் வாயே திறப்பதில்லை."

அப்படியானால் நிற்கிறவர்கள் ஏன் நிற்கிறார்கள்? எங்களுக்கு இதுதான் கடினமான கேள்வியாக இருந்தது, எங்கள் பழைய தீர்ப்பு உடைந்ததும் இங்கேதான்.

ஆயாம்மாவின் வீட்டுக்கு இரண்டு தடவை போனோம். முதல் தடவை, "புண்ணியம் கிடைக்கும் என்று இருக்கேன்" என்றார். நாங்களும் நெகிழ்ந்துபோய் எழுதிக்கொண்டு வந்தோம். இரண்டாம் தடவை, நம் மகளிர் அணித் தோழியர் இருவரையும் கூட்டிக்கொண்டு போனோம். அப்போதுதான் வேறு பேச்சு வந்தது. பத்தாவது படிக்காத, ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு வேறு எங்கே வேலை? விதவை. வேலை அந்த ஊரோடு கட்டியது, மாற்றல் கிடையாது. மகன் வீட்டுக்குச் சித்தூருக்குப் போனால் வேலை போய்விடும். 22 வருஷ சர்வீஸை எப்படி விடுவது, என்றைக்காவது நிரந்தரம் செய்வார்கள், பென்ஷன் வரும் என்ற எண்ணம். "இத்தனை வருஷம் காத்தாச்சு, இப்போ விட்டால் முட்டாள்தனம்" என்றார். அதோடு, ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் அவர் நேரே அடுப்படிவரை போகலாம், எந்தச் சாதிக்காரரும் தடுக்க மாட்டார். முன்பு அப்படி இல்லை என்று மெதுவாகச் சொன்னார். அந்த மரியாதை பால்வாடியால் கிடைத்தது. அதை விட்டுவிட மனசில்லை.

தோழர்களே, இந்தக் காரணங்கள் எல்லாமே உண்மை. புண்ணியம் என்று அவர் சொன்னதும் பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவது நமக்கு வசதியாக இருக்கிறது. பிள்ளைகளிடம் உள்ள பாசத்தால் ஒருவர் நிற்கிறார் என்றால், அந்தப் பாசத்தையே பிடித்துக்கொண்டு கூலியைக் குறைக்கலாம் என்றாகிறது. நிற்பதைச் சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். சம்மதம் இல்லை என்பதை அப்பெண்கள் 2023 டிசம்பர் 12 அன்று சொன்னார்கள்.

அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தை நம்மில் பலர் பார்த்தோம். ஏ.ஐ.டி.யு.சி., சி.ஐ.டி.யு., ஐ.எஃப்.டி.யு. ஆகியவற்றைச் சார்ந்த சங்கங்கள் கூட்டாக அறைகூவல் விடுத்தன. மாநிலத்தில் இருந்த மையங்கள் 55,607, பெண்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். கேட்டது 26,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியமும் பணிக்கொடையும். தெலங்கானத்தில் தருவதைவிட ஆயிரம் கூடுதலாகத் தருவோம் என்று ஆட்சிக்கு வந்தவர்கள் கொடுத்த வாக்கு அப்படியே கிடந்தது. அங்கே 13,650, இங்கே 11,500. 26,000 என்றதும் பேராசை என்று பேசியவர்கள் நம் சங்கத்திலும் இருந்தார்கள். பஞ்சப்படியையும் வீட்டு வாடகைப் படியையும் சேர்த்தால், அன்றைக்கு ரயில்வேயில் புதிதாகத் தண்டவாளம் பார்க்க வந்த தோழர் வாங்கியதும் ஏறத்தாழ அந்தத் தொகைதான்.

மையங்களின் பூட்டை உடைத்துச் செயலக ஊழியர்களைக் கொண்டு திறக்கச் சொன்னார்கள். பிறகு 2024 ஜனவரி 6 அன்று எஸ்மா சட்டத்தைப் பாய்ச்சினார்கள். இங்கே கொஞ்சம் நின்று எண்ணிப் பாருங்கள். நீ ஊழியர் அல்ல, தொண்டர், உன் வேலை பகுதி நேரம், உனக்குச் சம்பளம் கிடையாது, வெறும் கௌரவத் தொகைதான் என்று 48 ஆண்டுகள் சொல்லி வந்தார்கள். அவர் வேலையை நிறுத்திய 26-ஆவது நாளில், உன் வேலை அத்தியாவசியச் சேவை, நிறுத்துவது குற்றம் என்றார்கள். தொண்டு என்றால் நிறுத்த உரிமை உண்டு. அத்தியாவசியச் சேவை என்றால் சம்பளம் உண்டு. இரண்டில் எது? டில்லியிலும் 2022-இல் 38 நாள் நின்ற அங்கன்வாடிப் பெண்கள்மீது இதே சட்டம் பாய்ந்தது.

ஆனாலும் இங்கே கலையவில்லை. 42 நாள் நின்றார்கள். 1974 மே மாதம் ரயில்வேயில் நம் முன்னோர் நடத்திய மாபெரும் வேலைநிறுத்தம் 20 நாள். குடியிருப்புகளிலிருந்து குடும்பங்களைத் தெருவில் தள்ளியதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கதையை மே மாதந்தோறும் மேடையில் சொல்கிற நாம், சங்கராந்தியையும் பொங்கலையும் தெருவில் கழித்த இப்பெண்களுக்காக என்ன செய்தோம்? வெட்கத்தோடு சொல்கிறோம்: ஒரு தெருவில் பூட்டு உடைத்தபோது சாட்சிக் கையெழுத்து ஒன்று நம் உறுப்பினருடையது. பிள்ளைகளுக்குச் சோறு வேண்டாமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினார்களாம். அவரை நாங்கள் குறை சொல்லவில்லை. அவரிடம் யாரும் போய் எதிர்க்கதையைச் சொல்லவில்லை, அது நம் குறை.

2024 ஜனவரி 22 இரவு பேச்சுவார்த்தை முடிந்து வேலைநிறுத்தம் விலக்கப்பட்டது. ஊதிய உயர்வு பிறகு என்றார்கள். ஓய்வு வயது 60-இலிருந்து 62. ஓய்வு பெறும்போது டீச்சருக்குத் தந்த 50,000 ரூபாய் 1,20,000 ஆகும், ஆயாவுக்கு 20,000 என்பது 60,000 ஆகும் என்று வாக்குக் கிடைத்தது. இதைப் பெரிய சலுகையாகப் பேசினார்கள். நாங்கள் எழுத்தர்கள், கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கு. 11,500-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் 6,634 ரூபாய் சொச்சம். முப்பது வருஷத்துக்கு 1,99,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஏகாம்பரகுப்பத்துப் பழைய டீச்சரம்மா வாங்கிக்கொண்டு போனது 50,000. மீதி எங்கே போயிற்று?

இந்தச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25 அன்றே தீர்ப்பளித்துவிட்டது. குஜராத்தைச் சேர்ந்த மணிபென் மகன்பாய் பாரியா என்ற அங்கன்வாடிப் பெண் தொடுத்த வழக்கு. அங்கன்வாடி வேலை பகுதி நேர வேலை என்பதை நீதிபதிகள் ஏற்கவில்லை. மதிப்பூதியம் என்று எந்தப் பெயர் வைத்துக் கொடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது ஊதியமே என்றார்கள். நாங்கள் பார்த்த டீச்சர்களில் பலருக்கு இத்தீர்ப்பைப் பற்றித் தெரியவில்லை. ஒருவர் மட்டும் செய்தித்தாளில் வந்ததை வெட்டி ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்தார்.

எல்லைக்கு அந்தப் பக்கம், திருத்தணியில், இதே வேலையைச் செய்கிறவர் சிறப்புக் காலமுறை ஊதியத்தில் இருக்கிறார். ஆண்டுதோறும் சிறிதளவு உயரும், முடிவில் சிறிய ஓய்வூதியமும் உண்டு. அவர்களும் போதவில்லை என்று போராடுகிறவர்கள்தான், அங்கே பாலும் தேனும் ஓடவில்லை. ஆனாலும் காலமுறை என்று ஒன்று இருந்தால், பத்து வருஷம் நின்றவருக்கும் நேற்று வந்தவருக்கும் வித்தியாசம் தெரியும். இங்கே முப்பது வருஷம் நின்றவரும் மூன்று மாதம் ஆனவரும் ஒரே தொகைதான். நிற்பதற்கு விலையே இல்லாத இடத்தில் நிற்கவில்லையே என்று கேட்கிறோம்.

இதுவரை அரசாங்கத்தைப் பற்றிப் பேசினோம். கைதட்டினீர்கள். இனிச் சொல்லப் போவதற்குக் கைதட்ட மாட்டீர்கள்.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, கணக்குப் பார்க்கும் பழக்கத்தில் நம் சங்கத்தின் வரவு செலவுப் பேரேட்டையும் புரட்டினோம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு என்று நாம் ஒன்று நடத்துகிறோம். ஐந்து வயது முதல் எட்டு வயதுவரை உள்ள பிள்ளைகள். அதற்கு ஒரு தங்கை மூன்று வருஷம் வந்தார். பேரேட்டில் அவர் பெயருக்கு நேரே மாதா மாதம் எழுதியிருக்கிறது: 'மதிப்பூதியம் 1,200'. மே மாதங்களில் கோடு போட்டிருக்கிறது. அந்த எழுத்து எங்களில் ஒருவருடைய கையெழுத்து. போன வருஷம் அவர் நின்றுவிட்டபோது இதே கூடத்தில் என்ன பேசினோம்? தமிழ்ப் பற்று இல்லாதவர் என்று பேசினோம். பொன்னாடை போர்த்தினோமே, அதற்காவது இருந்திருக்கலாமே என்றார் ஒருவர். அதே ஆண்டு பொங்கல் விழாவில் மேடைக்கு வந்தவர்களுக்குப் போர்த்திய பொன்னாடைகளுக்கான செலவு அந்தத் தங்கைக்கு நாம் ஓராண்டில் கொடுத்ததைவிட அதிகம். பேரேடு இதோ மேசைமேல் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

அவரையும் போய்ப் பார்த்தோம். சண்டை போடவில்லை, வருத்தமும் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு தையற்கடையில் உட்கார்ந்தால் அதைவிடக் கூடக் கிடைக்கிறது என்று மட்டும் சொன்னார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். பெயர் பெயராகக் கேட்டார்.

ஆகவே குழுவின் சார்பில் மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறோம். ஒன்று: நம் பேரேட்டில் 'மதிப்பூதியம்' என்ற தலைப்பை அடித்துவிட்டு 'சம்பளம்' என்று எழுத வேண்டும். தமிழ் வகுப்பு ஆசிரியருக்கு மாதம் 3,000 ரூபாய், பன்னிரண்டு மாதமும், ஐந்தாம் தேதிக்குள் தர வேண்டும். பணத்துக்குப் பொன்னாடைச் செலவை நிறுத்த வேண்டும். முன்னிருந்தவருக்கு மூன்று மே மாதங்களுக்கு உரிய 3,600 ரூபாயை இம்மாதமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இரண்டு: ஏகாம்பரகுப்பத்துத் தெருவில் காலியாக உள்ள டீச்சர் பணியிடத்தை நிரப்பவும், தமிழும் தெலுங்கும் அறிந்தவருக்கு முன்னுரிமை தரவும் கோரி, அத்தெருப் பெற்றோர் கையெழுத்துடன் திட்ட அதிகாரியைத் தூதுக்குழுவாகச் சந்திக்க வேண்டும். தெலுங்குக் குடும்பங்களின் கையெழுத்தையும் கேட்டு வாங்க வேண்டும், அவர்களுடைய பிள்ளைகளும் அதே பாயில்தான் உட்காருகின்றன. மூன்று: உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் சாரத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே தாளில் அச்சிட்டு, நம் உறுப்பினர்கள் வசிக்கும் ஊர்களில் ஒவ்வொரு டீச்சர் வீட்டுக்கும் ஆயா வீட்டுக்கும் நேரில் கொடுக்க வேண்டும். அச்சுக் கூலியை நாங்கள் மூவரும் ஏற்கிறோம்.

முதல் தீர்மானத்துக்குப் பொருளாளர் தோழர் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார். அவர் தம் கருத்தைச் சொன்ன பிறகு, மூன்றையும் தனித்தனியாக வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறோம்.